தங்கச்சிக்கு வீடு கட்டாத காதலர்கள்

உளவளத்துணைக்கு (கவுன்சலிங்) என்னிடம் வருகிற இளவயதுக்காரர்களில் பலர் தங்களைப் பற்றி நேரே கதைக்கமாட்டார்கள். "மிஸ், ஒரு கதை வாசிச்சன், அதில ரெண்டு பெடியன்மார்..." என்று தொடங்கி, அதில் வருகிறவன் செய்தது சரியா பிழையா என்று என்னிடம் கேட்பார்கள். கேள்வி கதையில் வருகிறவனைப் பற்றியது மட்டும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும், ஆனாலும் அப்படியே கதைத்துக்கொண்டு போவோம், அந்த வழி அவர்களுக்குப் பாதுகாப்பாக இருக்கிறது. இப்படித்தான் நானும் ஆண்கள் இருவர் காதலிக்கிற கதைகளை வாசிக்கிற ஆளாகிவிட்டேன். போனில் அத்தியாயம் அத்தியாயமாக வருகிறவை, தாய்லாந்துத் தொடர்களைப் பார்த்துவிட்டு அதே சாயலில் தமிழில் எழுதுகிறவை, ஆங்கிலத்தில் வருகிற தடித்த நாவல்கள், எல்லாம்தான். சிலது உண்மையிலேயே நல்லது. பலதை முடித்ததும் எனக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: இந்த இரண்டு பேருக்கும் வேறு வேலையே இல்லையா?

அழகாக இருக்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், மழையில் நனைகிறார்கள், ஒரே கட்டில் மட்டும் உள்ள அறையில் மாட்டிக்கொள்கிறார்கள் (எந்த ஊர் ஹோட்டல் என்றாலும் இவர்களுக்கென்று ஒரு கட்டில்தான் மிச்சம் இருக்கும்). ஆனால் இழப்பதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை. கடன் இல்லை, வருத்தக்கார அம்மா இல்லை, பிழைப்புக்கு என்ன செய்கிறார்கள் என்பதே பத்தாம் அத்தியாயம் வரை தெரியாது. ஒருவனுக்கு எதெல்லாம் பறிபோகும் என்பது மற்றவனுக்குத் தெரிந்திருந்து, அதை அவன் தன்னுடையது போலக் காக்கிறானா என்று பார்த்துத்தான் நான் ஒரு சோடியை நம்புவேன். முதல் முத்தம் எத்தனையாம் பக்கத்தில் வந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

இங்கே கதை எழுதுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். வெளிநாட்டுக் கதையில் இருவரும் கை கோத்து நடந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். இங்கே மட்டக்களப்பில், கல்லடிக் கடற்கரையில் இரண்டு இளைஞர்கள் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரே மோட்டார் சைக்கிளில் பாசிக்குடா போகலாம், ஒரே பாயில் படுக்கலாம், சிநேகிதன்தானே என்று அம்மாவே சோறு போட்டுக் கொடுப்பா. அதே பிள்ளை முப்பது வயதில் கலியாணம் வேண்டாம் என்று சொல்லட்டும், அன்றைக்குத்தான் ஊர் திரும்பிப் பார்க்கும். ஆக எங்கள் பக்கத்துக் காதல் கதையில் ஆபத்து கடற்கரையில் இல்லை, கலியாணப் பேச்சுக்காலில் இருக்கிறது. இதைப் பிடிக்காமல் பாங்கொக் கதையை அப்படியே எடுத்து காந்தி பூங்காவில் இருத்தினால் அது ஒட்டாது.

வீட்டு விஷயமும் அப்படித்தான். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழர், முஸ்லிம்கள் இரு பக்கமும் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குத்தான் போகிறது. கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குப் போகிறான், பிறந்த வீடு அக்காவுக்கோ தங்கச்சிக்கோ சீதனமாகிவிடுகிறது. அப்படியென்றால் கலியாணமே முடிக்காத ஆண் எங்கே இருப்பான்? இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு நாவல் எழுதலாம். தங்கச்சியின் வீட்டுக்குச் சுவர் எழும்பி நிற்கிறது, கூரை போட வேண்டும், அதற்குக் கட்டாரில் இன்னும் இரண்டு வருடம் உழைக்க வேண்டும், அந்த வேலை முடியாமல் இருக்கும்வரைதான் தன் கலியாணத்தைத் தள்ளிப்போட ஒரு சாட்டு இருக்கும். காதலன் விடுமுறையில் வந்து அதே வளவில் சீமெந்து மூட்டை தூக்கி உதவுகிறான், கூரை ஏறினால் சாட்டு போய்விடும் என்று தெரிந்துகொண்டே. இப்படி ஒரு பக்கம் யாராவது எழுதினால் நான் அந்தச் சோடியை உடனே நம்புவேன்.

இரண்டு பேருக்கும் ஆபத்து ஒரே அளவில் இருப்பதும் இல்லை. களுவாஞ்சிக்குடியில் ஒரு ஆசிரியரும் அக்கரைப்பற்றில் போன் திருத்துகிற ஒருவரும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு அரச வேலை, பெற்றோர் சங்கம், வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் வாய். மற்றவருக்குச் சொந்தக் கடை, ஆனால் கடைக்கு முற்பணம் கொடுத்தது பெரியப்பா. நல்ல எழுத்தாளர் இந்த வித்தியாசத்தில்தான் சண்டையை வைப்பார். ஒருவர் மற்றவரின் பெயரை போனில் 'மோட்டர் பாஸ்' (மோட்டர் திருத்துகிறவர்) என்று போட்டு வைத்திருப்பது வாசிக்கிறவருக்குச் சிரிப்பு, பெயர் இல்லாமல் இருக்கிறவருக்கு அது நோகும். நோகிறது என்று அவர் சொல்லலாம், கோபிக்கலாம், நாலு நாள் கதைக்காமலும் இருக்கலாம். ஆனால் போனைப் பறித்து உண்மைப் பெயரைப் போடுவதைக் காதல் என்று எழுதக்கூடாது.

நான் உண்மையில் எழுத வந்ததே இதைத்தான். பல கதைகளில் வருகிற ஒரு காட்சி: காதலன் விலகப் பார்க்கிறான், கதாநாயகன் சுவரோடு அழுத்திப் பிடித்து, 'நீ போனால் எல்லாப் படமும் உன் அப்பாவின் போனுக்குப் போகும்' என்கிறான், மூன்று அத்தியாயம் தாண்டி இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். எழுதுகிறவருக்கு அது ஆவேசம். என் அறையில் அது மிரட்டல், அதைவிட மெல்லிய பெயர் எதுவும் அதற்கு இல்லை. இங்கே அந்த மிரட்டலுக்குப் பல் இருக்கிறது: ஒரே பாலார் உறவைக் குற்றமாக்குகிற, இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் ஏட்டில் உள்ளன, 1995இல் பெண்களுக்கும் சேர்த்து விரித்தார்கள். 2023 மே மாதம் அதை நீக்குவதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது, ஆனால் சட்டமூலம் நிறைவேறவில்லை. தாய்லாந்தில் 2025 ஜனவரியில் இருந்து இரண்டு ஆண்கள் சட்டப்படி கலியாணமே முடிக்கலாம். அந்த நாட்டுக் கதையில் வருகிற மிரட்டலுக்கும் இங்கே வருகிறதுக்கும் பாரம் ஒன்றில்லை. மிரட்டப்படுகிறவர் பொலிசுக்குப் போகப் பயப்படுவார் என்பது மிரட்டுகிறவனுக்கு நன்றாகத் தெரியும்.

அப்படி யாராவது உங்களை மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தால் அடுத்த மாதமும் கேட்பான். பயத்தில் செய்திகளை அழிக்காமல், ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஓரிடத்தில் வைத்த பிறகு தடை செய்யுங்கள். நம்பக்கூடிய ஒரே ஒரு ஆளுக்காவது சொல்லுங்கள், முறைப்பாடு செய்வதென்றால் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் கதையுங்கள். கடவுச்சொல் கேட்பது, நாள் முழுக்க எங்கே நிற்கிறாய் என்று லொகேஷன் கேட்பது, இதெல்லாம் கதையில் இனிக்கிற மாதிரி எழுதப்பட்டிருப்பதால் தன் வாழ்க்கையில் வந்தபோது அன்பு என்று நினைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

யார் புருஷன், யார் பொண்டாட்டி என்கிற கேள்வியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஜப்பானில் 1970களில் பெண் சித்திரக்கதைக்காரர்கள் தொடங்கிவைத்த மரபில் ஒருவர் துரத்துகிறவர், மற்றவர் மசிகிறவர் என்று பாத்திரம் பிரித்தார்கள், அந்த அச்சுத்தான் தொடர்கள் வழியாக இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது. நான் சந்திக்கிறவர்களில் அப்படிப் பிரிந்து நிற்கிற சோடி அபூர்வம். மீன் வெட்டத் தெரிந்தவர் வெட்டுகிறார், அவ்வளவுதான்.

முடிவு? யாரையாவது கடலில் தள்ளிக் கதையை முடிப்பதை விட்டால் போதும். இங்கிலாந்து எழுத்தாளர் ஈ. எம். ஃபோஸ்டர் 1913–14லேயே இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழப்போகிற முடிவோடு 'மோரிஸ்' நாவலை எழுதினார், அப்படித்தான் முடிய வேண்டும் என்று பிடிவாதமாகவும் இருந்தார், அவர் இறந்த பிறகு 1971இல்தான் அது வெளிவந்தது. நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது, நாங்கள் இன்னும் தற்கொலையில் முடிக்கிறோம். வாசிக்கிறவர்களில் ஏற்கனவே அந்த நினைப்போடு இருக்கிறவர்களும் உண்டு என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியாததா?

அப்புறம் எனக்குத் தனிப்பட்ட ஒரு முறைப்பாடு. இந்தக் கதைகளில் உளவளத்துணையாளர் வந்தால் ஒன்று பிள்ளையை 'மாற்றி' அனுப்புவார், இல்லையென்றால் அன்று மாலையே அப்பாவுக்கு போன் எடுப்பார். தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்தது 1990இல். மாற்றித் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் இரண்டாம் தரம் போகாதீர்கள். வளர்ந்த ஒருவர் என்னிடம் சொன்னது, உயிருக்கு ஆபத்து என்று வந்தால் தவிர, அறையைத் தாண்டாது, அந்த எல்லை எது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவோம். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். நேரில் வர ஏலாதவர்கள் 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுக்கலாம், பெயர் சொல்லாமலும் கதைக்கலாம்.