குழந்தை சொல்லத் தொடங்கும்போது ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?

ஆசிரியர்களுக்கான பயிற்சிகளில் என்னிடம் முதலில் கேட்பது, ஒரு குழந்தை கொடுமைக்கு ஆளாகிறது என்பதைக் காட்டும் அடையாளங்களின் பட்டியலைத்தான். கொடுக்கிறேன். ஆனால் ஒரு பள்ளி ஆலோசகராக நான் பார்த்தவரை, சந்தேகம் வந்த பிறகு பெரியவர்கள் பதறிப்போய்ச் செய்யும் காரியங்களால்தான் விஷயம் அதிகம் கெடுகிறது.

அடையாளங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடியாடும் பிள்ளைக்கு முழங்கால், முழங்கை, நெற்றியில் அடிபடுவது சகஜம். காது, கழுத்து, முதுகு, பிட்டம், தொடையின் உட்புறம் கன்றியிருந்தால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பெல்ட்டோ விரலோ பதிந்த வடிவம் தெரிந்தால் இன்னும் கவனம் தேவை. நிறத்தைப் பார்த்து "இது மூன்று நாள் பழசு" என்று கணிக்காதீர்கள். மருத்துவர்களாலேயே அதை உறுதியாகச் சொல்ல முடியாது. பாலியல் கொடுமையில் பெரும்பாலும் உடலில் தடயமே இருக்காது. விளையாட்டு பீரியடில் உடை மாற்ற மறுப்பது, வீட்டுக்குப் போகும் மணி அடித்ததும் பையை வேண்டுமென்றே மெதுவாக அடுக்குவது, படிப்பில் திடீரென்று சறுக்குவது என்று நடத்தையில்தான் ஏதாவது தெரியும். இவற்றில் எதுவும் தனியாக எதையும் நிரூபிக்காது. வீட்டில் புதிதாகத் தம்பி பிறந்தாலும் பிள்ளைகள் மாறத்தான் செய்வார்கள்.

சரி, ஒருநாள் அந்தப் பிள்ளையே வாயைத் திறக்கிறது. நோட்டைக் காட்டும் சாக்கில் மேசையருகே வந்து, "மிஸ், எனக்கு மாமா வீட்டுக்குப் போகப் பிடிக்கல" என்கிறது.

"ஏன், மாமா உன்னைத் தொட்டாரா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. வரும் பதில் குழந்தையுடையதா, நீங்கள் ஊட்டியதா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1980களில் பெரும் பரபரப்பை உண்டாக்கிய மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கில், குழந்தைகளிடம் இப்படித்தான் தூண்டித் தூண்டிக் கேட்டார்கள். பல ஆண்டுகள் இழுத்த அந்த வழக்கு 1990இல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது.

"பிடிக்கலையா? அதைப் பத்திச் சொல்லும்மா" என்பது போதும். நடுவில் அமைதி வந்தால் வரட்டும். பிள்ளை தொடர்ந்தால் "ம்... அப்புறம்?" என்பதற்கு மேல் அதிகம் தேவைப்படாது. "ஏன் இவ்வளவு நாள் சொல்லல?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியமும் செய்யாதீர்கள். "உனக்கு உதவி பண்ண வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்பதுதான் உங்களால் காப்பாற்ற முடிந்த வாக்கு.

அன்றே எழுதிவிடுங்கள். தேதி, நேரம், இடம், நீங்கள் கேட்டது, பிள்ளை சொன்னது. பிள்ளை "அந்த விளையாட்டு" என்று சொல்லியிருந்தால் அப்படியே எழுதுங்கள், "பாலியல் சீண்டல்" என்று திருத்த வேண்டாம். வகுப்பாசிரியரிடம் ஒரு முறை, தலைமை ஆசிரியரிடம் ஒரு முறை, நிர்வாகியிடம் இன்னொரு முறை என்று பிள்ளையைச் சொல்ல வைப்பது இன்னொரு கொடுமை. உங்கள் குறிப்பு இருந்தால் அதற்கு அவசியம் இருக்காது.

அடுத்து, குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்கோ காவல்துறைக்கோ தகவல் கொடுக்க வேண்டும். சந்தேகம் வீட்டார் மேல் என்றால் முதலில் வீட்டுக்குப் போன் போடாதீர்கள். சந்தேகம் பள்ளி ஊழியர் மேல் என்றால், "முதல்ல நாமளே விசாரிப்போம், ஸ்கூல் பேர் கெட்டுடும்" என்ற பேச்சு கட்டாயம் எழும். எனக்கு இதில் பொறுமையே கிடையாது. விசாரிப்பது பள்ளியின் வேலை இல்லை. சம்பந்தப்பட்டவர் உஷாராகி, பிள்ளையை மிரட்ட நேரம் கிடைப்பதுதான் மிச்சம்.

சில நாள் கழித்து அதே பிள்ளை வந்து, "சும்மா சொன்னேன் மிஸ்" என்று சொல்லலாம். உடனே நிம்மதிப் பெருமூச்சு விட்டு ஃபைலை மூடிவிடுகிறார்கள். ரோலண்ட் சம்மிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1983லேயே இந்தப் பின்வாங்கலைப் பற்றி எழுதியிருக்கிறார்: சொன்னதால் குடும்பமே குலைவதைப் பார்க்கும் பிள்ளை, சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. அதனால் "சும்மா சொன்னேன்" என்பதையும் தேதி போட்டு எழுதி, முதலில் தகவல் கொடுத்த இடத்துக்கே அனுப்பிவையுங்கள்.