எர்ரர் 01 விட்டுவிட்டு வந்தால்: எதை முதலில் பார்ப்பது?

கேமராவை ஆஃப் செய்து ஆன் செய்தால் எர்ரர் போய்விடுகிறது. சில நாட்கள் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு மண்டபத்தில், மாலை மாற்றும் நேரத்தில், திரையில் மறுபடி அதே வரி. சர்வீஸுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு தடவைகூட வராது. 'செக் பண்ணியாச்சு, ஓகே' என்று சீட்டு எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறைப் பிடிப்பது கடினம்தான். ஆனால் அது ஒவ்வொரு முறையும் ஒரு தகவலைச் சொல்லிவிட்டுப் போகிறது: கேமரா எந்த வேலையைச் செய்யும்போது நின்றது என்பதை. அதைக் குறித்து வைப்பவர்கள் பல பழுதுகளைத் தங்கள் மேஜையிலேயே அடையாளம் காணலாம். எர்ரர் வந்ததும் திரையை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூம் எந்த மி.மீ.யில் இருந்தது, அபர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு) என்ன, தனி ஷாட்டா தொடர் ஷாட்டா, ஃப்ளாஷ் மாட்டியிருந்ததா, எந்த பேட்டரி, எந்த மெமரி கார்டு என்று குறியுங்கள். நினைவில்லாவிட்டால், எர்ரருக்கு முன் கடைசியாகப் பதிவான படத்தின் விவரங்களைத் திறந்து பாருங்கள். லென்ஸ் நீளமும் அபர்ச்சரும் அதிலேயே இருக்கும்.

எண்களைப் பற்றிச் சுருக்கமாக. கேனான் டிஎஸ்எல்ஆர்களில் (உள்ளே மிரர் உள்ள கேமராக்களில்) 01 என்றால் லென்ஸுக்கும் பாடிக்கும், அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவுக்கும், தொடர்பு சரியில்லை. 02 என்றால் கார்டை அணுக முடியவில்லை. 20 மிரர் (ஒவ்வொரு படத்துக்கும் மேலே தூக்கிக்கொள்ளும் உள்கண்ணாடி) போன்ற இயங்கு பாகங்களையும், 30 ஷட்டரையும் (ஒளியைத் திறந்து மூடும் திரை), 40 மின்சாரம் வரும் வழியையும் காட்டுபவை. 350டி, 40டி போன்ற பழைய பாடிகளில் வரும் 99 எதை வேண்டுமானாலும் குறிக்கலாம், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நிக்கானில் 'எஃப்இஇ' மின்னினால் அது பழுதே இல்லை. 50 மி.மீ. எஃப்/1.8டி போன்ற அபர்ச்சர் வளையமுள்ள லென்ஸில் வளையத்தைப் பெரிய எண்ணுக்குத் திருப்பிப் பூட்டாமல் விட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். வளையத்தின் பூட்டு தேய்ந்திருந்தால் கைபட்டு நகர்ந்து, அதுவும் விட்டுவிட்டுத்தான் வரும்.

எர்ரர் 01 வந்தால் திரையே 'லென்ஸ் கான்டாக்டுகளைத் துடையுங்கள்' என்று சொல்கிறது. சொன்னபடி முதலில் துடைக்கத்தான் வேண்டும். லென்ஸின் பின்பக்கம் இருக்கும் தங்கமுலாம் பூசிய புள்ளிகளில் விரல் வியர்வை படிந்து காய்கிறது. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒன்றிரண்டு துளிகளை நூல் உதிராத மைக்ரோஃபைபர் துணியில் விட்டு, லென்ஸ் பக்கத்துப் புள்ளிகளை மெதுவாகத் துடையுங்கள். ஈரம் முழுக்க உலர்ந்த பிறகு மாட்டுங்கள். பாடிக்குள் நேராக எந்தத் திரவத்தையும் விடக் கூடாது. பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். ரப்பர் முலாமைச் சுரண்டும், அதன் தூள் மிரர் பெட்டிக்குள் விழும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம், அதன் எண்ணெய் பரவி ஷட்டர் தகடுகள் வரை போய்விடும்.

பாடி பக்கத்தில் இருப்பவை ஸ்பிரிங் மேல் நிற்கும் ஊசிகள். கேமராவைச் சாய்த்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லா ஊசியும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று அமுங்கியே கிடந்தால் அதுதான் காரணமாக இருக்கக்கூடும். பிறகு மாட்டிய லென்ஸைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். சுழலும் திசையில் மயிரிழை ஆட்டம் இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் ஆடினால் லென்ஸ் மாட்டும் வளையமான மவுன்ட்டின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. கனமான ஜூமைப் பாடியை மட்டும் பிடித்துத் தூக்கித் தூக்கி வேலை செய்யும்போது இது நடக்கும். மிரர் இல்லாத மிரர்லெஸ் பாடியில் அடாப்டர் (இடையில் மாட்டும் இணைப்பு வளையம்) போட்டுப் பழைய லென்ஸ் மாட்டுபவர்கள், தொடர்புப் புள்ளிகள் ஒரு ஜோடியிலிருந்து இரண்டு ஜோடியாகிவிட்டதை மறந்துவிடுகிறார்கள். அடாப்டரின் இரு முகங்களையும் துடைக்க வேண்டும்.

துடைத்தும் போகவில்லையா? அப்போதுதான் குறித்து வைத்த விவரம் கைகொடுக்கும். கேனான் ஈஎஃப் லென்ஸ்களில் அபர்ச்சரைச் சுருக்குவது லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்ன மோட்டார். அதற்கு மின்சாரம் கொண்டுபோவது காகிதம் போல மெல்லிய ஒரு ஃப்ளெக்ஸ் கேபிள். ஜூமைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது மடிந்து விரிகிறது. ஆண்டுக்கணக்கில் மடிந்த இடத்தில் உள்ளே செம்பு இழை விரிசல் விடும். ஒரு கோணத்தில் விரிசல் ஒட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு கோணத்தில் பிரிந்துவிடும். அதனால்தான் 24 மி.மீ.யில் எர்ரர் வருகிறது, 70 மி.மீ.யில் வருவதில்லை. ஈஎஃப்-எஸ் 17-85 மி.மீ., ஈஎஃப் 24-105 மி.மீ. எஃப்/4எல் முதல் பதிப்பு ஆகிய இரண்டிலும் இது நன்றாகவே அறியப்பட்ட பலவீனம்.

சோதனை எளிது. லென்ஸை அதன் முழு அபர்ச்சரில், அதாவது எஃப்/4 லென்ஸானால் எஃப்/4-இல் வைத்து இருபது முப்பது படம் எடுங்கள். முழுதாகத் திறந்த நிலையில் அபர்ச்சர் இதழ்கள் நகரவே வேண்டியதில்லை, ஆகவே எர்ரர் வராது. அடுத்து துளை சுருங்கும் எஃப்/8 வைத்து, ஜூமின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஐந்தாறு இடங்களில் நிறுத்தி எடுங்கள். முழுத் திறப்பில் ஒன்றும் இல்லாமல், எஃப்/8-இல் குறிப்பிட்ட சில மி.மீ.யில் மட்டும் நின்றால் கேபிளையோ அபர்ச்சர் யூனிட்டையோ சந்தேகிக்கலாம். இனி எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. முகூர்த்தத்தின் நடுவில் இது நேர்ந்தால் லென்ஸை முழு அபர்ச்சரிலேயே வைத்து, அதிக ஒளி நுழைவதால் ஃப்ளாஷையும் ஐஎஸ்ஓவையும் (ஒளி உணர்திறன் அமைப்பு) குறைத்து, அன்றைய வேலையை முடித்துவிடலாம். அடுத்த வேலைக்கு அந்த லென்ஸை எடுத்துப் போகாதீர்கள். ஃபிலிம் காலத்து சிக்மா லென்ஸ்கள் சிலவும் கேனான் டிஜிட்டல் பாடியில் இதே மாதிரிதான் நடந்துகொள்ளும். அங்கே கேபிளில் கோளாறில்லை, லென்ஸின் சிப் புதிய பாடியின் மொழியைப் புரிந்துகொள்வதில்லை.

பழுது லென்ஸிலா பாடியிலா என்று இன்னும் தெரியவில்லை என்றால் லென்ஸைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். மேனுவல் மோடில், பாடியின் வாய் கீழே பார்க்கும்படி பிடித்து ஐம்பது படம் எடுங்கள். டிஎஸ்எல்ஆர் லென்ஸ் இல்லாமலே இயங்கும். மிரர்லெஸ்ஸில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற மெனு அமைப்பை முதலில் ஆன் செய்ய வேண்டும். ஐம்பதும் தடங்கலின்றி விழுந்தால் சந்தேகம் லென்ஸ் பக்கம் சாய்கிறது. லென்ஸ் இல்லாமலும் நின்றால் பாடிதான்.

பாடி என்று தெரிந்ததும் ஷட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பேட்டரியைப் பாருங்கள். எல்பி-ஈ6 போன்ற பேட்டரிக்குள் இரண்டு லித்தியம் செல்கள் வரிசையாக இணைந்து 7.2 வோல்ட் தருகின்றன. வயதாக ஆக அதன் உள்தடை கூடும். சும்மா இருக்கும்போது வோல்டேஜ் சரியாக இருப்பதால் திரையில் முழு சார்ஜ் தெரியும். மிரர், ஷட்டர், லென்ஸ் மோட்டார் மூன்றும் ஒரே நொடியில் மின்சாரம் கேட்கும்போது வோல்டேஜ் சட்டென்று சரியும், கேமரா எர்ரர் காட்டி நிற்கும். ஆஃப் செய்து ஆன் செய்தால் மீண்டும் முழு சார்ஜ்! எல்பி-ஈ6 போடும் கேனான் பாடிகளின் மெனுவில் பேட்டரி விவரம் என்ற பக்கத்தில் அதன் ரீசார்ஜ் திறனை மூன்று கட்டங்களாகக் காட்டுவார்கள். சிவப்பு வந்தால் அந்த பேட்டரிக்கு வேலை முடிந்தது. விலை மலிவான மாற்று பேட்டரிகளில் இந்தச் சரிவு சீக்கிரமே தொடங்கும், சிலவற்றைக் கேமரா அடையாளம் காண்பதே இல்லை. பேட்டரி கிரிப் (பாடியின் அடியில் மாட்டும் கூடுதல் பேட்டரிப் பிடி) இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, கம்பெனி பேட்டரி ஒன்றை நேராகப் பாடியில் போட்டுச் சோதியுங்கள்.

யாரும் எளிதில் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: பேட்டரி மூடி. மூடியில் உள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கு, பாடிக்குள் ஒரு ஸ்விட்சை அழுத்தியபடி இருக்கும். கீல் தளர்ந்தோ நாக்கு தேய்ந்தோ போனால் பிடியை மாற்றும்போதெல்லாம் கேமரா அணைந்து எழும். கட்டை விரலால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு எடுத்துப் பாருங்கள். கோளாறு மறைந்தால் மாற்ற வேண்டியது அந்த மூடியைத்தான். கார்டு மூடியிலும் இதே ஏற்பாடு உண்டு.

கார்டு எர்ரர் வந்தால் நடைமுறை வேறு, ஏனென்றால் அங்கே ஆபத்தில் இருப்பது ஏற்கெனவே எடுத்த படங்கள். உடனே நிறுத்துங்கள். கார்டில் எழுதுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணையும்வரை காத்திருந்து, ஆஃப் செய்து, கார்டை எடுத்துத் தனியாக வையுங்கள். திரை 'ஃபார்மேட் செய்யவும்' என்று கேட்டாலும் செய்யாதீர்கள். அதே கார்டில் ஒரு படம்கூட மேலே எடுக்காதீர்கள். புதிய படம் பழைய படத்தின் மேலேயே எழுதப்படலாம். கம்ப்யூட்டரில் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் பெரும்பாலும் மீட்டுவிட முடியும், மீட்டவற்றை வேறு டிரைவில்தான் சேமிக்க வேண்டும்.

படங்களைப் பத்திரப்படுத்திய பிறகு கார்டை ஆராயலாம். மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டரில் செருகிப் பயன்படுத்துகிறீர்களா? முதலில் அந்தப் பழக்கத்தை விடுங்கள். அடாப்டரின் தகடுகள் சீக்கிரம் தளரும். எஸ்டி கார்டின் பின்பக்கம் புள்ளிகளுக்கு நடுவே உள்ள மெல்லிய பிளாஸ்டிக் வரப்புகள் உடைந்திருந்தால் அந்த கார்டைத் தூக்கிப் போடுங்கள், உடைந்த துண்டு கேமராவின் சாக்கெட்டையே கெடுத்துவிடும். கார்டில் எழுதவிடாமல் தடுக்கும் லாக் பொத்தான் தானாகக் கீழே நழுவுவதும் அடிக்கடி நடப்பதுதான். போலி கார்டு என்ற சந்தேகம் இருந்தால் விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ கொண்டு கார்டு முழுவதையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். 64 ஜிபி கார்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், காத்திருங்கள். 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் கார்டு, அந்த 8 ஜிபி வரை அழகாக வேலை செய்து, அதற்குப் பிறகுதான் படங்களைக் கெடுக்கத் தொடங்கும். வீடியோ தானாக நின்றுபோவது பெரும்பாலும் கார்டின் எழுதும் வேகம் போதாமல்தான். வி30 குறியிருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி உறுதி. ஃபார்மேட்டை எப்போதும் கேமராவிலேயே செய்யுங்கள்.

ஷட்டரைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அது வீட்டில் தீர்வதில்லை. தொடர் ஷாட்டில் மட்டும் எர்ரர் 30 வருகிறது, தனி ஷாட்டில் வரவில்லை என்றால் ஷட்டர் திரைகள் குறித்த நேரத்துக்குள் தம் இடத்துக்கு வந்து சேரவில்லை. 70டி-யின் ஷட்டர் 1,00,000 முறைக்கும், 5டி மார்க் III-இன் ஷட்டர் 1,50,000 முறைக்கும் சோதிக்கப்பட்டவை. கல்யாண சீசனில் ஓடும் பாடி அந்த எண்ணிக்கையை எட்ட அதிக காலம் ஆகாது. தகடுகளை விரலால் தொடுவதும் கேன் காற்றை அடிப்பதும் மீதி இருக்கும் ஆயுளையும் முடித்துவிடும். மிரர்லெஸ்ஸில் எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறி அன்றைய வேலையை ஒப்பேற்றலாம். மண்டபத்து எல்இடி விளக்கில் படத்தில் கோடுகள் விழும் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100-இல் வைத்துப் பாருங்கள்.

பாடியை நீங்களே திறக்காதீர்கள். உள்ளே ஃப்ளாஷ் இருக்கும் பாடிகளில் அதற்கான கெபாசிட்டர் ஏறக்குறைய 300 வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும், பேட்டரியை எடுத்த பிறகும் அது குறையச் சிறிது காலம் ஆகும். ஸ்க்ரூக்களும் ஜப்பானிய ஜேஐஎஸ் வகை, சாதாரண ஸ்டார் டிரைவர் போட்டால் தலை மழுங்கிவிடும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பாடியை மட்டும் கொடுக்காமல் எர்ரர் வந்த அதே லென்ஸ், பேட்டரி, கார்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். சீட்டில் 'எர்ரர் வருகிறது' என்று எழுதாதீர்கள். '24 மி.மீ., எஃப்/8, மூன்று நான்கு படத்துக்கு ஒருமுறை எர்ரர் 01, எஃப்/4-இல் வருவதில்லை, வேறு லென்ஸில் வருவதில்லை' என்று எழுதுங்கள். மொபைலில் எடுத்த திரைப் படத்தையும் காட்டுங்கள். திரும்ப வாங்கும்போது கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கவுன்டரிலேயே அதே 24 மி.மீ., எஃப்/8-இல் நூறு படம் எடுத்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.