கண் கேம்ப் வரும்வரை காத்திருக்க வேண்டாம்: சேலம், ஏற்காடு பக்கத்தில் இலவசக் கண் சிகிச்சை பெறும் வழி

மலை மேல் ஊர்களில் கண் மங்கினால் பலரும் சொல்வது, "கேம்ப் போடுவாங்கல்ல, அப்பப் பாத்துக்கலாம்" என்பதுதான். எங்கள் அம்மாயி இதைச் சொல்லியே ஒன்றரை வருடம் ஓட்டினார். அரிசியில் கல் தெரியவில்லை, பஸ் போர்டு தெரியவில்லை, எதிரே வருகிறவரைக் குரல் வைத்துத்தான் கண்டுபிடிப்பார். ஒரு வழியாகக் கேம்ப் போட்டார்கள். அன்றைக்குப் பார்த்து முற்றத்தில் மிளகு காயப்போட்டிருந்ததால் அவர் போகவில்லை. அப்புறம் நாங்களே சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். கேம்ப்பில் பார்த்து அனுப்பியிருந்தால் என்ன ஆபரேஷன் நடந்திருக்குமோ அதுவேதான் நடந்தது, ஒரு பைசா செலவில்லாமல்.

நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. இலவசக் கண் சிகிச்சை என்பது கேம்ப் நாளில் மட்டும் கிடைப்பது என்றே நினைக்கிறார்கள். மத்திய அரசு 1976ல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின்கீழ் இது நடக்கிறது. கேம்ப் நோட்டீஸில் 'மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கம்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் திட்டத்தின் மாவட்டக் கிளை அது. கேம்ப்பில் கண்ணைப் பரிசோதிப்பார்கள், அவ்வளவுதான். கூடாரத்திலோ பள்ளிக்கூடத்திலோ வைத்துக் கண்ணைக் கீற விதி அனுமதிப்பதில்லை. ஆபரேஷன் மருத்துவமனையின் அறுவை அரங்கில்தான் நடக்கும். எப்படியும் அங்கேதான் போகப் போகிறோம், நடுவில் கேம்ப் எதற்கு?

தொண்டு நிறுவனக் கண் மருத்துவமனைகள் இலவசமாகச் செய்யும் கண்புரை ஆபரேஷனுக்கும் இந்தத் திட்டத்தில் ஒரு கண்ணுக்கு 2,000 ரூபாய் என்று அரசே மானியம் தருகிறது. ஆகவே இலவசம் என்று கூட்டிப் போய்விட்டு லென்ஸுக்கு, மருந்துக்கு என்று தனியாகக் காசு கேட்டால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள். கட்டணப் பிரிவில் விலை கூடிய லென்ஸ் வேண்டும் என்று நாமே கேட்டால் அது வேறு கணக்கு.

சரி, எங்கே போவது? மலையில் இருப்பவர்கள் முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டலாம். கண் மருத்துவ உதவியாளர் எந்தக் கிழமை இருப்பார் என்று கிராம செவிலியரிடம் கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி மிச்சம். ஆத்தூர், மேட்டூர் பக்கத்துக்காரர்களுக்கு அங்கங்கே அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆபரேஷன், விழித்திரை போன்ற பெரிய விஷயங்களுக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆதார், ரேஷன் கார்டு நகல், தினமும் சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளின் அட்டை எல்லாம் கையோடு இருக்கட்டும். துணைக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். கண் பாப்பா விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் எல்லாமே மங்கலாகத் தெரியும். அந்தக் கண்ணோடு 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஓட்டி ஏறலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கண்புரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "பொரை முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்பது பழைய கால வைத்தியம். அன்றைக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இன்று கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். அன்றாட வேலைக்குப் பார்வை தடையாகிவிட்டாலே செய்துகொள்ளலாம். மிகவும் முற்ற விட்டால் கண்ணில் அழுத்தம் ஏறி வலி வந்து, பார்வையே திரும்பாமல் போவதும் உண்டு. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குக் காரணம் கண்புரைதான். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடக்கூடிய ஒன்றுக்காகத்தான் இத்தனை பேர் பார்வையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கண்புரையாவது கொஞ்சம் பொறுக்கும். பொறுக்காதது கருவிழிப் புண். காப்பித் தோட்டத்தில் கவாத்து வெட்டும்போது சுள்ளி தெறிக்கும். பழம் பறிக்கும்போது இலை நுனி கண்ணில் கீறும். ஏணியில் ஏறி மிளகு பறிப்பவர் முகத்தில் கொடி அடிக்கும். தூசிதானே என்று தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள், யாராவது நாக்கால் துழாவி எடுத்தும் விடுவார்கள். செடி கொடி பட்ட காயத்தில் பூஞ்சை தொற்றிக்கொள்ளும். மருந்துக்கடையில் "கண்ணு செவந்திருக்கு, ஒரு டிராப்ஸ் குடுங்க" என்று வாங்கும் மருந்தில் ஸ்டீராய்டு இருந்துவிட்டால் தீர்ந்தது கதை. சிவப்பும் வலியும் குறைந்த மாதிரி இருக்கும், உள்ளே பூஞ்சை தாராளமாக வளரும். இப்படி அடிபட்ட கண்ணில் சிவப்பு, நீர் வடிதல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மலை இறங்க வேண்டும். சீக்கிரம் போனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து விட்டுக் காப்பாற்றப் பார்ப்பார்கள். தாமதித்தால் புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். அதற்குப் பிறகு இருக்கும் வழி கருவிழி மாற்று, அதற்கு யாராவது கண் தானம் செய்திருக்க வேண்டும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால், வீட்டார் முன்பே பேசி வைத்திருந்தால்தான் அது நடக்கும்.

கீழே சேலத்தில் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கு வேறு ஆபத்து. அமிலம் தெறித்தால் ஆட்டோ தேடும் முன் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கண்ணைக் கழுவ வேண்டும். நாற்பதைத் தாண்டிய நெசவாளருக்கு நூல் தெரியாமல் போவது பெரும்பாலும் வெள்ளெழுத்துதான், கண்ணாடி போட்டால் போதும். வசதியில்லாத முதியவர்களுக்கு அந்தக் கண்ணாடியும் இதே திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். துண்டைத் தனியாக வையுங்கள், கையைக் கழுவுங்கள். வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.

சர்க்கரை இருப்பவர்கள் கண் நன்றாகத் தெரிந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரையைக் காட்ட வேண்டும். விழித்திரை கெடுவது ஆரம்பத்தில் வலிக்காது, மங்காது. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்லதுதான். கண் பரிசோதனைக்கு நாம்தான் போக வேண்டும். கண் நீர் அழுத்த நோயும் இப்படிச் சத்தமில்லாமல் வருவதுதான். போன பார்வை திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காக்கலாம். அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகள் நாற்பது வயதுக்கு மேல் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விழித்திரை ஆபரேஷன், கருவிழி மாற்று போன்ற செலவு கூடியவற்றுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று கொண்டுபோய்க் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். நோய் வந்த பிறகு ஓடாமல் இப்போதே பதிந்து வைப்பது நல்லது. உங்களுக்குச் சொல்லியிருக்கும் சிகிச்சை பட்டியலில் உண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் வயது முக்கியம். எடை 2 கிலோவுக்குக் கீழோ 34 வாரம் நிறையும் முன்போ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதவில்லை என்றாலும் நாமே கேட்கலாம். ஒன்பதாவது மாதம் தொடங்கி ஐந்து வயது வரை வைட்டமின் ஏ திரவம் இலவசம், கிராம செவிலியர் கொடுப்பார். மாறுகண் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாதீர்கள். சின்ன வயதிலேயே சரிசெய்யாவிட்டால் அந்தக் கண் பார்க்கப் பழகாமலே போய்விடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு 2009ல் வந்த கண்ணொளி காப்போம் திட்டத்தில் பரிசோதனையும் கண்ணாடியும் இலவசம். கண்ணாடி கைக்கு வந்ததா என்று வகுப்பாசிரியரிடம் ஒரு தடவை விசாரியுங்கள்.

ஆபரேஷன் முடிந்தாலும் வேலை முடிவதில்லை. சில வாரம் சொட்டு மருந்து, கண்ணில் தண்ணீர் படாமல் இருப்பது, சொன்ன தேதியில் மறுபடி காட்டுவது, புண் ஆறியபின் கண்ணாடிக்கு அளவெடுப்பது என்று இருக்கிறது. மலைக்காரர்கள் பஸ்ஸை நினைத்து இந்தக் கடைசி நடையைத்தான் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது கண்ணுக்கும் இதே இலவசம் உண்டு. அம்மாயிக்கு அது பாக்கி இருக்கிறது. தேதி கேட்டால், மிளகு பறித்து முடியட்டும் என்கிறார்.