மாலகைட்டுப்போலியா, போலி மாலகைட்டா?

மாலகைட் என்ற பச்சைச் செம்புக் கனிமத்தைப் போலவே தோன்றும் இன்னொரு செம்புக் கனிமம் சூடோமாலகைட். அதைப் ‘போலி மாலகைட்’ என்று தமிழாக்கியிருப்பதை மறுபடியும் ஒரு படக்குறிப்பில் பார்த்தேன். இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பெயர்க்கதை சின்னதுதான். ஹவுஸ்மன் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் 1813இல் வைத்த பெயர். கிரேக்கத்தில் ‘சூடெஸ்’ என்றால் பொய்யானது. மாலகைட் என்பதோ ஒரு செடியின் இலைப்பச்சையால் வந்த பெயர்.

செம்புத்தாதுவின் மேல்மட்டத்தில் காற்றும் மழைநீரும் பட்டு, சல்பைடு சிதைந்து, செம்பு நீரில் கரைகிறது. அந்த நீரில் கார்பனேட் மிகுந்திருந்தால் மாலகைட் படியும். சுற்றுப் பாறையிலுள்ள அபடைட் என்ற பாஸ்பேட் கனிமம் கரைந்து பாஸ்பேட் வந்து சேர்ந்தால் சூடோமாலகைட் படியலாம். இரண்டும் கரும்பச்சையாக, உருண்டை உருண்டையாகப் பாறையில் ஒட்டியிருக்கும்; கண்ணால் பிரிப்பது கடினம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால் மாலகைட் நுரைக்கும். சூடோமாலகைட் நுரைக்காது.

ஆக, சூடோமாலகைட் தனக்கென ஒரு வேதியமைப்பு உள்ள அசல் கனிமம். ‘போலி மருந்து’, ‘போலிச் சான்றிதழ்’ என்று கேட்டுப் பழகிய காதுக்குப் ‘போலி மாலகைட்’ என்றால் என்ன தோன்றும்? யாரோ ஏமாற்றச் செய்த கல் என்றுதானே? அப்படிப்பட்ட கல் உண்மையிலேயே இருக்கிறது. பிளாஸ்டிக்கில் பச்சை வரி போட்டு மாலகைட் என்று விற்கிறார்கள். அதைத்தான் போலி மாலகைட் என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

அமீபாவின் ‘போலிக்கால்’ நிலைத்துவிட்டதே என்பார்கள். சரி, அமீபாவுக்கு வேறு கால் கிடையாது, குழப்பமும் இல்லை. இங்கே அசலும் உண்டு, கள்ளமும் உண்டு.

‘போலி’ நல்ல சொல்தான். ‘போல்’ என்பதிலிருந்து வந்தது. இலக்கணத்தில் அறம் ‘அறன்’ ஆவது கடைப்போலி. அறனை யாரும் கள்ளச் சொல் என்பதில்லை. ‘இல்முன்’ என்பது ‘முன்றில்’ என்று மாறி நிற்பதை இலக்கணப்போலி என்கிறோம். அங்கே போலி பின்னால் வருகிறது, ‘போல இருப்பது’ என்ற பொருள் அப்படியே நிற்கிறது. அதையே முன்னால் வைத்தால் இன்றைய வழக்கில் குற்றச்சாட்டாகிவிடுகிறது. அகராதியில் ‘சூடோ’வுக்கு நேரே இருக்கும் சொல்லை எடுத்து முன்னால் ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதே இல்லை. சூடோ வரும் இடமெல்லாம் இதே கதைதான்.

‘மாலகைட்டுப்போலி’ என்று எழுதுங்கள். முதல் முறை வரும்போது பக்கத்தில் சூடோமாலகைட் என்றும் சேர்த்துவிட்டால் தேடுபவருக்கும் கிடைக்கும்.