வாலை வெட்டினால் வேலை போகும்: கோலிசின் இ9 புரதத்தோடு வேலை செய்பவர்களுக்கு

ஒரு ஈ.கோலை பாக்டீரியா வகை இன்னொரு ஈ.கோலை வகையைக் கொல்வதை 1925-இல் பெல்ஜியத்தில் ஆந்த்ரே கிராசியா கண்டார். அப்படிக் கொல்லும் புரதங்களைத்தான் இன்று கோலிசின் என்கிறோம். அவற்றுள் கோலிசின் இ9-இல் 582 அமினோ அமிலங்கள். எடை சுமார் 61 கிலோடால்டன். எதிரி செல்லின் ஏற்பியைப் பிடிக்கும் பகுதி நடுவில் இருக்கிறது. டிஎன்ஏவை வெட்டும் கத்தி கடைசி 134 அமினோ அமிலங்களில். உள்ளே புகும் வேலை முன்முனையுடையது.

அந்த முன்முனையில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதல் 83 அமினோ அமிலங்களுக்கு நிலையான உருவமே கிடையாது. எக்ஸ்-கதிரால் உருவம் பார்க்கும் புரதப் படிகத்தில் அந்தப் பகுதி தெரியாது. கணினி மாதிரியில் நம்பகம் குறைந்த ஆரஞ்சு நிறத்தில் நூல் சிதறினாற்போல் கிடக்கும். "தேவையில்லாத வால்" என்று அதை வெட்டிவிட்டு குளோன் செய்தால் புரதம் அழகாகக் கரையும், ஜெல்லில் பேண்டும் (புரதக் கோடும்) சுத்தமாக வரும். ஆனால் ஒரு செல்கூடச் சாகாது.

காரணம் வாலுக்குள்ளேயே எழுதியிருக்கிறது. நடுப்பகுதி முதலில் பிடிப்பது பிடியூபி என்ற வைட்டமின் பி12 ஏற்பியை. அடுத்து வால், பக்கத்தில் இருக்கும் ஓஎம்பிஎஃப் என்ற மூன்று துளைப் புரதத்தைத் தேடும். துளை மிகக் குறுகல். மடிந்த புரதம் அதில் நுழையாது, மடியாத நூல் நுழையும். 54 முதல் 63 வரையிலான துண்டு ஒரு துளையில் தங்கும். 2 முதல் 18 வரையிலான துண்டு அடிப்பக்கமாக வளைந்து இன்னொரு துளைக்குள் ஏறும். இரண்டுக்கும் நடுவே, 32 முதல் 47 வரை, உள்ளே தொங்கும் தூண்டில். டோல்பி புரதம் அதில் மாட்டும். அதன் பிறகு செல்லின் சொந்த ஆற்றலே நஞ்சை உள்ளே இழுக்கும். 35-ஆவது ஆஸ்பார்டேட்டையோ 39-ஆவது டிரிப்டோஃபேனையோ அலனினாக மாற்றினாலே கொல்லும் திறன் போய்விடும். முழு வாலையும் எடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

வெட்டாமலேயே வால் போவதும் உண்டு. மடியாத பகுதி என்பதால், புரதத்தை வெட்டும் நொதியான புரோட்டியேஸ் முதலில் கடிப்பது அதைத்தான். செல்லை உடைக்கும்போதே புரோட்டியேஸ் தடுப்பான் சேருங்கள், குளிரில் வேலை செய்யுங்கள். முதன்மை பேண்டுக்குச் சற்றுக் கீழே இன்னொன்று தெரிந்தால், மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் முன்முனையைச் சரிபாருங்கள்.

குளோனிங்கில் இன்னொரு பொறி. நஞ்சை அடக்கும் காப்புப் புரதமான இம்9-இன் ஜீன் இல்லாமல் நஞ்சின் ஜீனை மட்டும் வைத்தால், வளர்க்கும் செல்லே செத்துவிடும். அப்படியும் நாலைந்து காலனி வந்தால் சந்தோஷப்படாதீர்கள். பெரும்பாலும் ஜீன் கெட்டுப்போன செல்களாக இருக்கும். இரண்டு ஜீன்களையும் ஒரே பிளாஸ்மிட்டில் (ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏ வளையத்தில்) வையுங்கள். நிக்கலில் ஒட்டும் ஹிஸ் டேக்கை இம்9-இல் போடுங்கள், நஞ்சின் முனைகளில் கை வைக்காதீர்கள். இம்9 வினைமையத்தை, அதாவது கத்தியின் வெட்டும் இடத்தை, நேரடியாக அடைப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டிஎன்ஏவை நெருங்கவிடாமல் செய்கிறது. பிணைப்பு மிக இறுக்கம், விலகல் மாறிலி (சிறியதாக இருந்தால் பிடி இறுக்கம்) சுமார் 10⁻¹⁴ மோலார். எனவே நிக்கல் நிரப்பிய பிரிப்புக் குழாயில் பிரிக்க, புரத மடிப்பைக் குலைக்கும் குவானிடின் 6 மோலார் தேவை. நஞ்சு கழுவி வரும், இம்9 குழாயிலேயே நிற்கும். பிறகு டயாலிசிஸில் (சவ்வு வழியே குவானிடினை வெளியேற்றி) மீண்டும் மடிய விடுங்கள். இதெல்லாம் கத்தியை மட்டும் ஆராய்பவர்களுக்கு. கொல்லும் சோதனைக்குப் பிரிக்கவே தேவையில்லை, உள்ளே போகும்போது இம்9 தானாகக் கழன்றுவிடும்.

சோதனை எளிது. 0.7% டாப் அகாரில் (மெல்லிய மேல் அகார் அடுக்கில்) செல்களைப் பரப்பி, பத்துப்பத்து மடங்காக நீர்த்த புரதத்தை 2 மைக்ரோலிட்டர் சொட்டுகளாக வையுங்கள். செல்கள் செத்த இடம் தெளிந்த வட்டமாகத் தெரியும். ஊடகத்தில் வைட்டமின் பி12 சேர்க்காதீர்கள். ஏற்பிக்கு அது போட்டிக்கு வரும், வட்டம் சிறுத்துவிடும். வெறும் பஃபர் சொட்டு ஒன்றும், இம்9 உற்பத்தி செய்யும் செல்களின் பிளேட் ஒன்றும் கட்டாயம். மீதமிருக்கும் குவானிடினும் தெளிந்த வட்டம் போடும், ஆனால் அது இம்9 செல்களையும் விடாது.

மறுநாள் வட்டத்துக்குள் ஓரிரு காலனிகள் முளைத்தால் தூக்கி எறியாதீர்கள், அவை நஞ்சுக்குத் தப்பியவை. பித்த உப்பான டிஆக்ஸிகோலேட் உள்ள பிளேட்டில் அவற்றைக் கீறிப் பாருங்கள். வளராவிட்டால் டோல்பி சேர்ந்த டோல் அமைப்பில் பழுது என்று சந்தேகிக்கலாம். நன்றாக வளர்ந்தால் முதலில் பிடியூபி ஜீனை வரிசைப்படுத்துங்கள்.