"அந்தப் பாப்பாவேதாங்க வந்துச்சு" என்று சொல்பவர்களுக்கு

"ஆசை வார்த்தை கூறி கடத்திச் சென்றதாக…" என்ற வரி வராத வாரம் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி செய்திகளில் அநேகமாக இல்லை. படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். போன வாரம் ஒரு தாய் தன் மகனுக்கு ஜாமீன் கேட்டு வந்து உட்கார்ந்தார். "வக்கீலம்மா, எம்பையன் கையைப் புடிச்சு இழுக்கலைங்க. அந்தப் பாப்பாவேதான் பஸ் ஏறி ஓசூருக்கு வந்துச்சு. நீங்களே கேட்டுப் பாருங்க." பாப்பாவுக்கு வயது 16. மகனுக்கு 24. இந்த ஒரே வாதத்துக்கு இதே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

18 வயது நிரம்பாத பிள்ளையின் சம்மதம் கடத்தல் குற்றத்தில் கணக்கிலேயே வராது. பழைய தண்டனைச் சட்டத்தில் 361, 363 பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 137-வது பிரிவு. தூக்கிக்கொண்டு போவதை மட்டும் அது சொல்லவில்லை. சட்டப்படியான பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல் ஒரு குழந்தையை அழைத்துப் போனாலும் குற்றம், ஆசை காட்டி வரவழைத்தாலும் குற்றம். 7 ஆண்டு வரை சிறை, அபராதம். பாதுகாவலரின் சம்மதத்தைத்தான் சட்டம் கேட்கிறது, பிள்ளையின் சம்மதத்தை அல்ல. பழைய சட்டத்தில் ஆண் பிள்ளைக்கு 16 வயது என்று இருந்தது. இப்போது இருவருக்கும் 18தான்.

"ஆசை காட்டவே இல்லையே, பேசிக்கிட்டுத்தானே இருந்தாங்க" என்பது அடுத்த வாதம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஆசை காட்டுவது என்றால் மிட்டாய் நீட்டிக் கூப்பிடுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1973-இல் குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒருவர் மனதில் நம்பிக்கையையோ விருப்பத்தையோ கிளப்பி இணங்க வைப்பதுதான் ஆசை காட்டுவது. அது பல வடிவத்தில் நடக்கலாம், வெளியே தெரியாத அளவுக்கு நுட்பமாகவும் இருக்கலாம். உடனே பலிக்கலாம், இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக மனதில் ஏறி வெகுநாள் கழித்தும் பலிக்கலாம். அந்த வழக்கிலும் சிறுமி தன் வீட்டை விட்டுத் தானேதான் கிளம்பிப் போனாள். ஆனால் "வந்தால் நான் அடைக்கலம் தருகிறேன்" என்ற எண்ணத்தை முன்பே அவள் மனதில் விதைத்தவர் தப்பவில்லை.

நான் பார்க்கும் வழக்குகளில் அந்த விதைப்பு எப்படி நடக்கிறது தெரியுமா? அம்மாவும் அப்பாவும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள். பிள்ளை பாட்டி வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போகும். ஒருவன் போனுக்கு ரீசார்ஜ் செய்து கொடுப்பான். அப்புறம் ஒரு பழைய போனையே கொடுத்து, "பாட்டிக்குத் தெரியாம வெச்சுக்கோ" என்பான். பிறந்தநாளுக்கு ஒரு சுடிதார். வீட்டில் திட்டினால் "நான் இருக்கேன்ல" என்று ஒரு மெசேஜ். சிப்காட்டில் வேலை வாங்கித் தருகிறேன், மேலே படிக்க வைக்கிறேன், தனி வீடு பார்த்திருக்கிறேன் என்று மாதக்கணக்கில் பேச்சு. கடைசியில் அரையாண்டுத் தேர்வு மார்க் வரும் அன்றைக்கோ வீட்டில் அடி விழுந்த அன்றைக்கோ பிள்ளை பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது. அந்த ஒரு நாளை மட்டும் எல்லோரும் பார்க்கிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்தும் அதைத்தான் கேட்கிறது, சில காவல் நிலையங்களிலும் முதல் கேள்வி அதுதான்: "நீயாத்தானே போன?" பிள்ளை தலையை ஆட்டியதும் விஷயம் முடிந்தது என்கிறார்கள். அதற்கு முன் நடந்த அத்தனை மாதப் பேச்சும் விசாரணையில் வரவேண்டும். அந்த போனும் ரீசார்ஜ் விவரமும் மெசேஜும்தான் வழக்கு.

எதிர்த் தரப்பில் எப்போதும் 'வரதராஜன் வழக்கு' என்ற ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சென்னையில் நடந்தது, உச்ச நீதிமன்றம் 1964-இல் தீர்ப்பளித்தது. அதில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை ஆனார், உண்மைதான். ஆனால் எதனால்? அந்தப் பெண் 18-ஐத் தொடும் நிலையில் இருந்த கல்லூரி மாணவி. தானே போன் செய்து வரச்சொன்னாள். பதிவுத் திருமணம் செய்துகொள்ளும் முடிவும் அவளுடையது. அவர் முன்கூட்டித் தூண்டியதற்கு எந்தச் சாட்சியமும் இல்லை. கூடவே நீதிமன்றம் ஒன்றைச் சேர்த்தே சொன்னது: முன்பு எந்தக் கட்டத்திலாவது அவர் தூண்டியிருந்தால் முடிவு வேறாக இருக்கும். இந்தப் பகுதியை மட்டும் யாரும் படிப்பதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தத் தீர்ப்பைக் காட்டி வாதாடுவதைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்து தாலி. "கோயில்ல வெச்சுக் கட்டிட்டான், இனி அவன் பொண்டாட்டிதானே, கேஸை முடிச்சிரலாம்." முடியாது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006-இன் 12-வது பிரிவு, பாதுகாவலரிடமிருந்து ஆசை காட்டி அழைத்து வந்து செய்த மைனர் திருமணம் செல்லவே செல்லாது என்கிறது. தாலி கட்டியது வழக்கைக் கரைக்காது, கட்டியவன் 18 வயதைத் தாண்டியவன் என்றால் இன்னொரு குற்றம் கூடும். இரண்டு வீடும் பேசி, "இப்பவே கல்யாணம் பண்ணி வெச்சிடலாம்" என்று கிளம்பினால் நடத்திவைத்தவர்கள் மேலும் வழக்கு வரும். உடலுறவு நடந்திருந்தால் போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம். அங்கே குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு, பிள்ளைக்கு 16 வயதுக்குக் கீழ் என்றால் 20. கணவன் மனைவி என்று சொல்லித் தப்பிக்கும் வழியையும் 2017-இல் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. பெண் கர்ப்பமாகி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது டாக்டர் தகவல் சொல்லியே ஆகவேண்டும், அது அவருடைய சட்டக் கடமை. "அந்த டாக்டரம்மா காட்டிக் கொடுத்துட்டாங்க" என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் அந்த டாக்டர் பக்கம்தான் பேசுவேன்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை, கண்டிப்பாகவே சொல்கிறேன். 19 வயது மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டால் அது கடத்தல் ஆகாது. சாதி வேறு என்பதற்காக "ஆசை வார்த்தை கூறி" என்று புகார் எழுதிக்கொண்டு வராதீர்கள். 18 நிரம்பிய பெண் எங்கே இருக்க வேண்டும் என்பதை அவள்தான் முடிவு செய்வாள். அவளை நேரில் கொண்டுவரச் சொல்லி ஆட்கொணர்வு மனு போட்டாலும் உயர் நீதிமன்றம் அவளைத்தான் கேட்கும். ஆதாரில் தேதியை மாற்றிக்கொண்டு வருகிறவர்களையும் பார்க்கிறேன். வயதுக்கு முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றிதழ், இல்லாவிட்டால் உள்ளாட்சியில் பதிந்த பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரம் ஆகாது என்று உச்ச நீதிமன்றமே 2024-இல் சொல்லியிருக்கிறது. இப்படிப் பொய்யாக வரும் புகார்கள்தான் நிஜமான குழந்தைகளின் புகாரையும் சந்தேகத்தோடு பார்க்க வைக்கின்றன.

வேலைக்கு வெளியூர் போகிறவர்களே, பிள்ளையை யாரிடம் விட்டுப் போகிறீர்களோ அவர்களும் சட்டத்தின் கண்ணில் பாதுகாவலர்தான். பாட்டி, சித்தி, யாராக இருந்தாலும் சரி. "அப்பா அம்மா வரட்டும்" என்று இரண்டு நாள் காத்திருக்காமல் அந்தப் பாட்டியே போய்ப் புகார் கொடுக்கலாம். அந்த இரண்டு நாளில் பிள்ளை கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டி எங்கேயோ போயிருக்கும்.

பிள்ளையின் கையில் நீங்கள் வாங்கித் தராத போன் இருந்தால் யார் கொடுத்தது என்று கேளுங்கள். அடிக்காமல் கேளுங்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அடி வாங்கிய பிள்ளைக்கு "நான் இருக்கேன்ல" என்ற அந்த மெசேஜ்தான் பெரிதாகத் தெரிகிறது. போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள், மெசேஜை அழிக்காதீர்கள், அப்படியே காவல் நிலையத்தில் கொடுங்கள். பிள்ளை திரும்பி வந்ததும் மாமா மகனுக்கு அவசர அவசரமாகக் கட்டிவைக்காதீர்கள், அதுவும் குழந்தைத் திருமணம்தான். பள்ளிக்கே திருப்பி அனுப்புங்கள். தலைமையாசிரியர்களே, "பேர் கெட்டுரும்" என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் திணிக்காதீர்கள்.

1098 குழந்தைகளுக்கான உதவி எண், இரவிலும் எடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் கூப்பிடலாம். வக்கீல் வைக்கக் காசில்லை என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எங்கே என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள், நேரில் வர முடியாவிட்டால் 15100.