கடலூர் காற்றுத் தர எண்: செயலி சொல்வதும் சொல்லாததும்

கடலூர் செம்மண்டலத்திலும் புதுச்சேரி ஜவஹர் நகரிலும் காற்றை அளக்கும் தானியங்கி நிலையங்கள் உண்டு. அவற்றின் எண்ணை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். 2015-ல் நடைமுறைக்கு வந்த காற்றுத் தரக் குறியீடு இதுதான். 50 வரை நல்லது, 100 வரை பரவாயில்லை, 200 வரை மிதம். அதைத் தாண்டினால் மோசம், 400-க்கு மேல் கடுமை.

கணக்கில் வருபவை எட்டு மாசுகள். அவற்றில் எது அன்று அதிகம் கெட்டிருக்கிறதோ அதன் எண்தான் ஊரின் எண். சரி, இதில் என்ன சிக்கல்? நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியை எடுக்கிறார்கள். நம் கரையோரத்திலோ ஒரே நாளில் காற்று திரும்பிவிடும். வெயில் காலத்து மதியத்தில் கடல்காற்று ஏறினால், சிதம்பரம் சாலையில் இருக்கும் சிப்காட் தொழிற்பேட்டையின் புகை மேற்கே போகும். இரவில் கரையிலிருந்து காற்று வீசினால் உப்பனாற்றைத் தாண்டி மீனவர் குப்பங்கள் பக்கம் போகும். ஊருக்கு வடக்கே செம்மண்டலத்தில் நிற்கும் கருவிக்கு இரண்டுமே சரியாகத் தெரியாமல் போகலாம்.

மார்கழி, தையில் இன்னும் மோசம். தரை குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்பதால் புகை கீழேயே தங்கிவிடும். போகியன்று விடியலில் டயர் எரித்த புகை கண்ணைக் கரிக்கும். வெயில் ஏறினால் கலைந்துவிடும். அன்றைய சராசரியிலும் அது கரைந்துபோகும். ஐப்பசி மழையில் எண் நன்றாகவே இறங்கும். ஆலைகள் திருந்திவிட்டன என்று அப்போது யாராவது சொன்னால், நேற்று மழை பெய்ததா என்று கேளுங்கள்.

அப்புறம், அழுகிய முட்டை நாற்றம். அதற்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு அந்த எட்டில் இல்லவே இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு செயலியைத் திறந்தால் ‘நல்லது’ என்று பச்சை நிறம் காட்டக்கூடும்.

அதனால் புகார் எழுதும்போது எண்ணை மட்டும் நம்பாதீர்கள். எந்தத் தெரு, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கமிருந்து, என்ன வாடை என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘இரவு 11 மணி, மேற்குக் காற்று’ என்ற ஒரு வரி இருந்தால் விசாரிப்பவர் எங்கிருந்து வந்தது என்று தேடலாம். கடலூரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலோ ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுங்கள். புதுச்சேரியில் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திடம். ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள்.

பலனில்லை என்றால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு. தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை கிடைக்கும்.